ஓட முடியாது... கத்த முடியாது... எதிரி வந்தால் செடி என்ன செய்யும்? இலைக்குள் நடக்கும் 5 அடுக்குப் போர்!

வெங்காயம் நறுக்கும்போது கண்ணீர் வருகிறதா? மிளகாய் கடித்தால் காதுவரை எரிகிறதா? கடுகு அரைக்கும்போது மூக்கில் சுர்ரென்று ஏறுகிறதா? இவை எல்லாமே செடிகள் தங்கள் எதிரிகளுக்காகத் தயார் செய்து வைத்திருக்கும் ஆயுதங்கள். நம் சமையலறையில் பாதி மணமும் காரமும் இந்த ஆயுதக் கிடங்கில் இருந்து வந்ததுதான்.

ஒரு ஆட்டுக்கு ஆபத்து என்றால் ஓடிவிடும். நாய் என்றால் குரைக்கும். செடியால் முளைத்த இடத்தைவிட்டு நகரவே முடியாது. புழு, வண்டு, பூஞ்சை, பாக்டீரியா, வைரஸ் என வரிசைகட்டி வரும் எதிரிகளை நின்ற இடத்திலேயே சந்தித்தாக வேண்டும். இருந்தும் உலகம் பச்சையாகத்தானே இருக்கிறது? எப்படி?

இது வெறும் அறிவியல் ஆச்சரியம் மட்டும் இல்லை. வயலில் ஒரு பூச்சியைப் பார்த்ததும் மருந்து அடிக்கலாமா, கொஞ்சம் பொறுக்கலாமா என்ற கேள்விக்கான பதிலும் இதில்தான் இருக்கிறது. வாங்க, ஒவ்வொரு அடுக்காகப் பார்க்கலாம்.

அடுக்கு 1: கோட்டைச் சுவர்

இலையின் மேல் தண்ணீர் ஊற்றினால் முத்து முத்தாக உருண்டு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். இலை மேல் இருக்கும் மெழுகுப் பூச்சுதான் காரணம். பெரும்பாலான பூஞ்சை வித்துகள் முளைக்க ஈரம் வேண்டும். இலை காய்ந்திருந்தால் நோய்க்கு வேலை கஷ்டம்.

அடுத்தது முடி. கத்தரி, தக்காளி, வெண்டை இலைகளைத் தடவினால் சொரசொரப்பாக இருக்கும். நமக்கு அது வெறும் சொரசொரப்பு. ஆனால் ஒரு சின்ன அசுவினிக்கு அது முள்வேலி. தக்காளி இலையின் சில முடிகளில் பிசுபிசுப்பான திரவமும் இருக்கும். அதில் சின்னப் பூச்சிகள் ஒட்டிக்கொண்டு சாவதும் உண்டு.

நெல் வயலில் இறங்கியவர்களுக்கு இன்னொன்று தெரியும். இலை கையை அறுக்கும். காரணம், மணலில் இருக்கும் அதே சிலிக்கா. நெற்பயிர் மண்ணில் இருந்து சிலிக்காவை உறிஞ்சி இலையில் சேர்த்து வைக்கிறது. இதைத் தின்னும் புழுவின் தாடை தேய்ந்துபோகும். பூஞ்சை உள்ளே நுழைவதும் சிரமமாகும்.

அப்புறம் குலை நோய் எப்படி வருகிறது என்று கேட்கலாம். அந்தப் பூஞ்சை லேசுப்பட்டது இல்லை. இலை மேல் ஒட்டிக்கொண்டு, சுமார் 80 வளிமண்டல அழுத்தத்தை உருவாக்கி, ஆணி அடிப்பதுபோல இலையைத் துளைக்கும். கார் டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைவிட 30 மடங்குக்கும் மேல்! ஆக, சுவர் மட்டும் போதாது.

அடுக்கு 2: ரசாயன ஆயுதக் கிடங்கு

செடி விஷம் தயாரிக்கும் என்றால், அந்த விஷம் செடியையே பாதிக்காதா? இங்கேதான் செடியின் சாமர்த்தியம் இருக்கிறது.

கடுகை எடுத்துக்கொள்ளுங்கள். முழுக் கடுகை மோந்து பார்த்தால் பெரிதாக நெடி இருக்காது. ஏனென்றால் நெடியை உருவாக்கும் இரண்டு பொருட்களும் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. புழு கடித்தாலோ, நாம் அரைத்தாலோ சுவர் உடைந்து இரண்டும் கலக்கும். அந்த நொடியில்தான் காரம் பிறக்கிறது. வெங்காயம், பூண்டு எல்லாம் இதே டெக்னிக்தான். நறுக்காத வெங்காயம் யாரையும் அழ வைப்பதில்லையே!

மிளகாய் கதை இன்னும் சுவாரஸ்யம். காரத்துக்குக் காரணமான கேப்சைசின் நமக்கும் மற்ற பாலூட்டிகளுக்கும்தான் எரியும். பறவைகளுக்கு எரியாது. மிளகாயைத் தின்றுவிட்டு விதைகளை முழுசாக வேறு இடத்தில் போடும் பறவைக்கு அனுமதி. விதையைப் பல்லால் அரைத்துவிடும் எலிக்குத் தடை. பொலிவியாவில் காட்டு மிளகாய்களை ஆராய்ந்து 2008-ல் வெளியான ஆய்வு, இதே காரம் விதையைப் பூஞ்சையிடம் இருந்தும் காப்பாற்றுகிறது என்று காட்டியது. பழத்தைப் பூச்சிகள் துளைப்பது அதிகமாக இருந்த இடங்களில் காரமான மிளகாய்ச் செடிகளும் அதிகம்.

வேப்ப மரம் நமக்குத் தெரிந்ததுதான். 1959-ல் சூடானில் வெட்டுக்கிளிப் படை எல்லாப் பச்சையையும் மொட்டையடித்தபோது, வேப்ப மரங்கள் மட்டும் தப்பி நின்றதை ஜெர்மன் பூச்சியியலாளர் ஹெய்ன்ரிச் ஷ்முட்டரர் கவனித்தார். வேம்பில் உள்ள அசாடிராக்டின் பூச்சிக்குச் சாப்பிடும் ஆசையையே போக்கிவிடும். மீறித் தின்றால் தோல் உரிக்க முடியாமல் வளர்ச்சி நின்றுபோகும்.

பப்பாளிக் காயைக் கீறினால் வரும் பாலும் ஆயுதம்தான். அதில் உள்ள பப்பெயின் புரதத்தைக் கரைக்கும். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2004-ல் ஒரு சோதனை செய்தார்கள். பப்பாளி இலையை அப்படியே தின்ற புழுக்கள் பாதிக்கப்பட்டன. இலையை மெல்லிசாக நறுக்கி, பாலைக் கழுவி நீக்கிக் கொடுத்தபோது அதே வகைப் புழுக்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இங்கே நாமும் கவனமாக இருக்கணும்!

செடியின் ஆயுதத்துக்குப் புழு யார், மனிதர் யார் என்று வித்தியாசம் தெரியாது. அதனால் இந்த மூன்றையும் மனதில் வையுங்கள்.

- சுரைக்காய் கசந்தால் சாப்பிடவே வேண்டாம். ஜூஸாகக் குடிப்பது இன்னும் ஆபத்து. கசப்புக்குக் காரணமான குக்கர்பிட்டாசின் நச்சு சமைத்தாலும் போகாது. கசந்த சுரைக்காய் ஜூஸ் குடித்து இந்தியாவில் உயிரிழப்பே நடந்திருக்கிறது. சின்னத் துண்டு வெட்டி நாக்கில் வைத்துப் பார்த்து, கசந்தால் துப்பிவிட்டு காயைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.
- பச்சை நிறமாக மாறிய உருளைக்கிழங்கில் சோலனின் என்ற நச்சு கூடியிருக்கும். வேக வைத்தாலும் பெரிதாகக் குறையாது.
- மரவள்ளிக்கிழங்கைப் பச்சையாகச் சாப்பிடக் கூடாது. அதன் செல்கள் உடையும்போது சயனைடு வெளியாகும். தோல் நீக்கி, நன்றாக வேக வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும்.

அடுக்கு 3: அபாய மணி

சரி, ஒரு இலையைப் புழு கடிக்கிறது. மற்ற இலைகளுக்கு அது தெரியுமா? தெரியும் என்பதுதான் பதில்.

அமெரிக்காவின் விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழக ஆய்வகத்தில் எடுத்த வீடியோக்கள் 2018-ல் உலகம் முழுக்கப் பேசப்பட்டன. கடுகு குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் என்ற சின்னச் செடியில், கால்சியம் கூடும் இடமெல்லாம் ஒளிரும்படி மாற்றம் செய்திருந்தார்கள். புழு ஒரு இலையைக் கடிக்கிறது. கடித்த இடத்தில் பளிச்சென்று வெளிச்சம். அடுத்த ஓரிரு நிமிடத்தில் அந்த வெளிச்சம் நரம்பு வழியாக ஓடி தூரத்து இலைகளுக்குப் போய்ச் சேருகிறது. இந்த மணியை அடிப்பது குளூட்டமேட். நம் மூளை நரம்புகள் செய்தி கடத்தப் பயன்படுத்தும் அதே பொருள்!

அப்படியென்றால் செடிக்கு வலிக்குமா? செடிக்கு மூளையும் கிடையாது, நரம்பு மண்டலமும் கிடையாது. இலை நரம்பு என்று நாம் சொல்வது தண்ணீரும் உணவும் போகும் குழாய்கள்தான். தகவல் போகிறது என்பதற்காக வலி உணர்கிறது என்று சொல்லிவிட முடியாது.

மணி அடித்த பிறகு, கடிபடாத இலைகள் ஜாஸ்மோனிக் அமிலம் என்ற ஹார்மோனைச் சுரந்து தயாராகின்றன. அப்படித் தயாரானால் என்ன ஆகும்? 1972-லேயே கிரீன், ரையன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் தக்காளிச் செடியில் அதைக் காட்டிவிட்டார்கள். ஒரு இலை காயப்பட்டால், செடி முழுக்க ஒரு புரதம் கூடுகிறது. அந்தப் புரதம் புழுவின் வயிற்றுக்குள் போய் செரிமானத்தைக் கெடுக்கும். புழு தின்றுகொண்டே இருக்கும், ஆனால் உடம்பில் ஒட்டாது. வளர்ச்சி மெதுவாகும். மெதுவாக வளரும் புழு குருவிக்கும் குளவிக்கும் சுலபமான இரை.

அடுக்கு 4: கிருமி வந்தால் தற்கொலைப் படை

நம் உடம்பில் வெள்ளை அணுக்கள் ரோந்து போகும். செடிக்கு அந்த வசதி இல்லை. அதனால் ஒவ்வொரு செல்லும் தனக்குத்தானே காவலாளி.

பாக்டீரியாவின் வால் போன்ற பகுதியில் உள்ள புரதத்தைச் செடியின் செல்கள் அடையாளம் கண்டுவிடும். உடனே இலைத்துளைகள் மூடிக்கொள்ளும். அதாவது, வாசல் கதவு சாத்தப்படும்.

அதையும் மீறி கிருமி உள்ளே வந்துவிட்டால், செடி ஒரு கடுமையான முடிவை எடுக்கிறது. தாக்கப்பட்ட செல்லும் அதைச் சுற்றியுள்ள செல்களும் தாங்களாகவே செத்துவிடுகின்றன. உயிருள்ள செல்லில் மட்டுமே வாழத் தெரிந்த கிருமி, அந்தச் சின்ன வட்டத்துக்குள் மாட்டிக்கொண்டு பட்டினியில் அடங்கும். இலையில் சில சமயம் தெரியும் சின்னச் சின்னக் காய்ந்த புள்ளிகள் செடி ஜெயித்த இடமாகவும் இருக்கலாம். எல்லாப் புள்ளியும் அப்படி இல்லை. நாளுக்கு நாள் புள்ளி பெரிதானால், பரவினால், நோய் ஜெயிக்கிறது என்று அர்த்தம்.

இதோடு முடியவில்லை. ஒரு முறை தாக்குதலைச் சமாளித்த செடி, மற்ற இலைகளையும் உஷார்ப்படுத்தி வைக்கும். புகையிலைச் செடியில் இதை 1961-ல் ஃபிராங்க் ராஸ் என்ற விஞ்ஞானி விளக்கினார். இதில் முக்கியப் பங்கு வகிப்பது சாலிசிலிக் அமிலம். பெயர் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? நாம் தலைவலிக்குப் போடும் ஆஸ்பிரினின் நெருங்கிய உறவினர்தான் அது.

அடுக்கு 5: "காப்பாத்துங்க!" - வாசனையில் ஒரு அழைப்பு

செடியால் கத்த முடியாது என்று தலைப்பில் சொன்னோம். ஆனால் மணத்தால் கூப்பிட முடியும்.

1990-ல் அமெரிக்காவில் மக்காச்சோள நாற்றுகளை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. புழு தின்ற நாற்றுகள் சில மணி நேரத்தில் ஒரு தனி வாசனையை வெளியிட்டன. அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு ஒரு வகைச் சின்னக் குளவி தேடி வந்தது. வந்து என்ன செய்யும்? புழுவின் உடம்புக்குள் முட்டை போடும். பொரிக்கும் குஞ்சுகள் புழுவை உள்ளிருந்தே தின்றுவிடும்.

இதில் இன்னொரு விஷயம். இலையை பிளேடால் கீறினால் மட்டும் அந்த அழைப்பு சரியாக வரவில்லை. கீறிய இடத்தில் புழுவின் எச்சிலைத் தடவியதும் வந்தது. காற்றில் கிழிந்த இலைக்கும் புழு கடித்த இலைக்கும் செடிக்கு வித்தியாசம் தெரிகிறது என்று இதற்கு அர்த்தம்.

நம் நெற்பயிரும் இப்படிச் செய்யும். புகையான் பூச்சி தாக்கிய நெல் வெளியிடும் வாசனை, அந்தப் பூச்சியின் முட்டைகளை அழிக்கும் கண்ணுக்கே தெரியாத அளவுக்குச் சின்னக் குளவிகளை ஈர்க்கிறது.

அப்புறம் ஏன் பயிர் அழிகிறது?

இவ்வளவு ஆயுதம் இருந்தும் செடி தோற்பது ஏன்? மூன்று காரணங்கள்.

முதல் காரணம், எதிரியும் சும்மா இல்லை. எருக்கஞ்செடியின் பால் பெரும்பாலான பூச்சிகளுக்கு விஷம். ஆனால் வெந்தய வரியன் என்ற ஆரஞ்சு நிற வண்ணத்துப்பூச்சியின் புழு அதையே தின்று வளரும். அந்த விஷத்தைத் தன் உடம்பில் சேமித்து, பறவைகளிடம் இருந்து தன்னைக் காத்துக்கொள்ளும். ஆயுதம் கைமாறிவிடுகிறது!

இரண்டாவது காரணம், பாதுகாப்புக்குச் செலவு உண்டு. விஷம் தயாரிக்கச் செலவாகும் சத்து, வளரவும் காய்க்கவும் போக வேண்டிய சத்து. அதனால்தான் செடி எந்நேரமும் போர்க்கோலத்தில் இருப்பதில்லை. தேவைப்படும்போதுதான் ஆயுதத்தை எடுக்கிறது.

மூன்றாவது காரணம், நாம். கசப்பு வேண்டாம், முள் வேண்டாம், மகசூல் கூட வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாக விதை பொறுக்கியதில் பல பயிர்களின் ஆயுதங்களை நாமே பிடுங்கிவிட்டோம். யூரியாவை அளவுக்கு மீறிப் போடுவது இன்னொரு தவறு. பயிர் கரும்பச்சையாகத் தளதளவென்று இருக்கும். திசு மென்மையாகி, பூச்சிக்கு விருந்தாகிவிடும். புகையானும் குலை நோயும் தழைச்சத்து அதிகமான வயலைத்தான் அதிகம் தாக்குகின்றன.

புகையான் சொல்லும் பாடம்

புகையான் நெல்லின் தூரில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சி. பெயருக்கு ஏற்றபடி, வயலில் வட்ட வட்டமாகப் பயிர் தீய்ந்ததுபோல் ஆகிவிடும்.

இதற்கு எதிராகப் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் 1973-ல் ஐஆர் 26 என்ற எதிர்ப்பு ரகத்தைக் கொண்டுவந்தது. சில ஆண்டுகளிலேயே அந்த ரகத்தையும் தின்னப் பழகிய புகையான் வந்துவிட்டது.

இந்தோனேசியாவில் நடந்தது இன்னும் பெரிய பாடம். அரசு பெரும் மானியம் கொடுத்ததால் விவசாயிகள் மருந்தை அள்ளி அடித்தார்கள். புகையான் குறையவில்லை, பெருகியது! காரணம் எளிமையானது. புகையான் முட்டைகள் இலை உறைக்குள் பத்திரமாக இருந்தன. வெளியே சுற்றிய சிலந்திகளும் மற்ற நன்மை செய்யும் பூச்சிகளும் மருந்தில் செத்தன. முட்டை பொரித்து வந்த புகையானுக்குக் காவலே இல்லாத வயல் கிடைத்தது. செடி வாசனையால் கூப்பிட்டாலும், வருவதற்கு ஆள் இல்லை.

1986 நவம்பரில் அதிபர் சுகார்தோ அரசு நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தது. மானியமும் படிப்படியாக நிறுத்தப்பட்டது. மகசூல் விழுந்துவிடும் என்ற பயம் இருந்தது. ஆனால் விழவில்லை.

வியட்நாமின் மீகாங் டெல்டாவில் 1990-களில் ரேடியோ நாடகம் போட்டே ஒரு பிரசாரம் நடந்தது. "விதைத்த முதல் 40 நாட்களுக்கு இலை தின்னும் புழுவுக்கு மருந்து வேண்டாம்" என்பதுதான் செய்தி. இளம் பயிர் இழந்த இலையைத் திரும்ப வளர்த்துக்கொள்ளும் என்பதே அதன் அடிப்படை. விவசாயிகள் மருந்து அடிக்கும் தடவைகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன.

தமிழ்நாட்டிலும் நடந்தது

2008-ல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி கண்டுபிடிக்கப்பட்டது. மத்திய அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்த இந்தப் பூச்சி பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என ஒன்றையும் விடவில்லை. உடம்பைச் சுற்றி வெள்ளை மெழுகு இருப்பதால் மருந்து அடித்தும் சரியாக எடுபடவில்லை.

சொந்த ஊரில் இந்தப் பூச்சியை அடக்கி வைக்கும் குளவி, அதோடு சேர்ந்து இங்கே வரவில்லை. பிரச்சினையே அதுதான். 2010-ல் போர்ட்டோ ரிக்கோவில் இருந்து ஒட்டுண்ணிக் குளவிகள் வரவழைக்கப்பட்டன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து அவற்றைப் பெருக்கி வயல்களில் விட்டது. அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற அந்தக் குளவி ஒரு மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். மருந்தால் முடியாததை அது செய்து காட்டியது.

புது ரகங்களால் தீர்வு உண்டா?

உண்டு. நாம் ஆந்திரா பொன்னி என்று சொல்லும் பிபிடி 5204 ரகத்துக்குப் பாக்டீரியா இலைக்கருகல் நோய் பெரிய தொல்லை. ஹைதராபாத் ஆராய்ச்சி நிறுவனங்கள் இதில் மூன்று எதிர்ப்பு மரபணுக்களை ஒன்றாகச் சேர்த்து, 2008-ல் மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரியை வெளியிட்டன. அதில் ஒரு மரபணு ஆப்பிரிக்கக் காட்டு நெல்லில் இருந்து வந்தது. மூன்று பூட்டை ஒரே நேரத்தில் உடைப்பது கிருமிக்குக் கஷ்டம். ஐஆர் 26 கற்றுக்கொடுத்த பாடம் இது.

நாம் என்ன செய்யலாம்?

விவசாயிகளுக்கு:

- மருந்து அடிக்கும் முன் தூரை விலக்கி எண்ணிப் பாருங்கள். வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரைப்படி, சிலந்தி இல்லாத வயலில் ஒரு தூருக்கு 1 புகையான் இருந்தால் நடவடிக்கை தேவை. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு 2 புகையான் வரை பொறுக்கலாம். ஒரு சிலந்தியின் மதிப்பு அவ்வளவு!
- நடவின்போதே 8 அடிக்கு ஒரு முறை 1 அடி பட்டம் விடுங்கள். தூருக்குக் காற்றும் வெளிச்சமும் போகும்.
- யூரியாவை ஒரேயடியாகக் கொட்டாமல் பிரித்துப் போடுங்கள்.
- புகையான் வந்தால் முதலில் தண்ணீரை வடியுங்கள். சிந்தெடிக் பைரித்ராய்டு வகை மருந்துகளைத் தவிர்த்துவிடுங்கள். அவை புகையானைப் பெருக்கிவிடும்.

மாடித் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு:

- புழுவின் முதுகில் வெள்ளை அரிசி மாதிரி ஒட்டியிருந்தால், அது குளவியின் கூட்டுப்புழுக்கள். அந்தப் புழு இனி செடியைப் பெரிதாகத் தின்னாது. அதை விட்டுவிடுங்கள், குளவிகள் வெளியே வரட்டும்.
- அசுவினி கூட்டத்துக்கு நடுவில் குட்டி முதலை மாதிரி ஒரு பூச்சி ஊர்ந்தால் நசுக்காதீர்கள். அது பொறிவண்டின் இளம்பருவம். அசுவினிதான் அதன் சாப்பாடு.
- இலையில் நாலு ஓட்டை என்றால் பதற வேண்டாம். இரண்டு நாள் கவனியுங்கள். ஓட்டை கூடிக்கொண்டே போனால் புழுவைக் கையால் எடுங்கள், அல்லது வேப்பெண்ணெய்க் கரைசல் தெளியுங்கள்.

மருந்தே கூடாது என்பது இதன் அர்த்தம் இல்லை. சேதம் எல்லை தாண்டினால் வேளாண் அலுவலரைக் கேட்டு, சொன்ன அளவில் அடித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் செடி ஏற்கெனவே போரில் இறங்கியிருக்கிறது, உதவிக்கு ஆளையும் கூப்பிட்டிருக்கிறது. அந்த ஆள் வந்துவிட்டதா என்று ஒரு தடவை குனிந்து பார்த்துவிட்டு, அப்புறம் ஸ்பிரேயரைத் தூக்குங்கள்.